ரசம் போன கண்ணாடி

பெட்டி முதலில் சத்தம் போட்டபோது பல்லி என்று நினைத்துவிட்டேன். ‘டிக்... டிக்...’ கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு ‘டிக்’. அம்மா இருந்திருந்தால் எந்தத் திசையில் சொல்லியது என்று பலன் பார்த்திருப்பார். நான் காற்றாடியைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

பத்தாங் காலியில் ஒரு தாமான் வீட்டின் பின்னறையில் இருக்கிறது அந்தப் பெட்டி. நாலு பேர் சேர்ந்து ஏழு வருடமாகச் சேர்த்ததெல்லாம் அதற்குள்தான். உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், தீமிதி நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள், ஒரு கிராணி வீட்டுப் பரணில் கிடந்த செக்ரோல் பக்கங்கள், லயத்து வாசலில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள். எல்லாவற்றையும்விட அதிகம், கிழவர் கிழவிகளின் குரல். இந்தத் தோட்டங்களில் பல இன்று வரைபடத்தில் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. சில பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் பார்த்தால் ஒரு பால்மரம் இருக்காது.

பெட்டியில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதை அதே நொடியில் மற்றொன்றிலும் எழுதிவிடும் ஏற்பாடு. இதற்கு மிரர் என்று பெயர், கண்ணாடி. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். அந்த தைரியத்தில்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வந்து திரையைத் திறந்து பார்த்தான். எண்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான்.

“அண்ணே, ஒண்ணு போவப் போவுது. இன்னும் போவல. ஆனா போயிரும்.”

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“அத டிஸ்க்குகிட்டதான் கேக்கணும். உடனே மாத்திருங்க.”

நான் மூன்று வாரம் கழித்துதான் மாற்றினேன். முதல் வாரம் கையில் காசில்லை. இரண்டாவது வாரம் ஒரு கல்யாணம். மூன்றாவது வாரத்துக்கு என்னிடம் காரணமே இல்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, படங்கள் திறந்தன, குரல்கள் பாடின. ஒன்றும் ஆகவில்லை போலிருந்தது. இந்த ‘ஒன்றும் ஆகவில்லை போலிருப்பது’தான் கண்ணாடி ஏற்பாட்டின் பெரிய வசதி, பெரிய ஆபத்தும் அதுவே.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களில் வங்கிகளுக்கு ஒரு கவலை இருந்தது. கணக்கு வைத்திருக்கும் கணினி நடுவில் நின்றால் பணம் யாருடையது என்பதே தெரியாமல் போகும். அமெரிக்காவில் டேண்டம் என்ற நிறுவனம் 1976இல் நிற்காத கணினி என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. டேண்டம் என்றால் இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். ஒருவர் கால் ஓய்ந்தாலும் வண்டி ஓடும். அந்தக் கணினியில் டிஸ்க்குகளும் ஜோடி ஜோடியாக இருந்தன. பிறகு 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம் என்பது அவர்கள் வாதம். ரெய்ட் என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவர்களே சிக்கலையும் சொல்லிவிட்டார்கள். ஒரு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், 100 டிஸ்க்கை ஒன்றாகக் கட்டினால் 300 மணி நேரத்துக்கு ஒன்று சாகும். இரண்டு வாரம்கூட இல்லை. அதனால்தான் மாற்றுப் பிரதி வேண்டும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது ஒரு வகுத்தல் கணக்கு. கண்ணாடி ஜோடி மொத்தமாக எப்போது சாகும்? ஒரு டிஸ்க்கின் ஆயுளை அதே ஆயுளால் பெருக்கி, பழுதானதை மாற்ற ஆகும் நேரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். மேலே இருப்பது இரும்பின் ஆயுள், கீழே இருப்பது மனிதனின் சுறுசுறுப்பு. அதே 30,000 மணி நேரத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் மாற்றினால் 18,750,000 மணி நேரம் வருகிறது. என்னைப்போல் மூன்று வாரம் இழுத்தால் 890,000 சொச்சம். ‘அதுவே நூறு வருஷம் ஆச்சே, போதாதா?’ என்று நானும் கேட்டேன். போதும், இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாகும் என்றால். எங்கள் இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. ஏழு வருடம் ஒரே அறையின் ஒரே புழுக்கத்தைக் குடித்தவை. ஒரே லயத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்போல. ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் மற்றதன் நெற்றியையும் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

புது டிஸ்க் வாங்கி வந்த அன்று இன்னொரு கூத்து நடந்தது. தம்பி வருவதற்குள் நானே கழற்றி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திரை ‘1’ பழுது என்றது. பெட்டியில் நான் ஒட்டியிருந்த சீட்டிலும் ‘1’ இருந்தது. உருவிவிட்டேன். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும், நான் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன். நல்லதை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே நோயாளி தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான், ‘டிக்... டிக்...’. அந்த அரை நிமிடத்தில் எத்தனை கிழவிகள் முகம் வந்து போனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

டேண்டத்தில் வேலை பார்த்த ஜிம் கிரே 1985இல், கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஓர் அறிக்கை எழுதினார். இரும்பு கெட்டு நின்றது 18 விழுக்காடு. இயக்குபவரும் பராமரிப்பவரும் சேர்ந்து நிறுத்தியது 42 விழுக்காடு. இதை நான் பிறகுதான் படித்தேன். படித்தபோது வெட்கமும் கொஞ்சம் ஆறுதலும் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு டிஸ்க்கின் முதுகிலும் வரிசை எண் அச்சடித்திருக்கும். அதைத் திரையில் காட்டும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

தம்பி வந்தான். திட்டவில்லை. நல்லதைத் திரும்பச் செருகினான். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். பழுதானதைக் கழற்றவில்லை. காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் புதியதைப் பொருத்தினான்.

“கெட்டுப்போனத மொதல்ல எடுக்கலயா?”

“கெட்டுப்போனதுலயும் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நல்லாத்தான்ணே இருக்கும். புதுசு ரொம்பற வரைக்கும் பழசு உள்ளயே இருக்கட்டும்.”

புதியது நிரம்பும்வரை பழையது இருக்கட்டும். கேட்டவுடன் எனக்குக் கரிவலம்வந்தநல்லூர்தான் நினைவுக்கு வந்தது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அந்த ஊர்க் கோயிலுக்குப் போகிறார். வரதுங்கராம பாண்டியன் காலத்து ஏடுகள் அங்கே இருப்பதாகக் கேள்வி. போனால், கிடந்த பழைய ஏடுகளையெல்லாம் சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்கிறார்கள். இதைத் தன் வரலாற்றில் ஐயர் எழுதியிருக்கிறார். அந்தச் சாத்திரத்தில் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஓலை நம் வெயிலிலும் ஈரத்திலும் சில நூறு வருடம்தான் தாங்கும். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். எழுதிய பிறகு பழையதை மரியாதையோடு நெருப்பிலோ ஆற்றிலோ விடலாம். சங்கப் பாடல்களின் முதல் ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது மாற்றி மாற்றி வைத்த ஓலையின் கடைசி ஓலை. இரண்டு வேலையில் முதல் வேலையைச் செய்ய ஆளில்லாமல் போய், இரண்டாவது வேலை மட்டும் சடங்காக மிஞ்சிய காலத்தில்தான் ஐயர் அங்கே போய் நின்றார்.

பெயர்த்து எழுதுவதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இரண்டு ஏடு ஒன்றுக்கொன்று மாறினால் எது சரி? பதிப்பாசிரியர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். சாதாரணக் கண்ணாடி ஏற்பாட்டுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. இரண்டு டிஸ்க்கும் இரண்டு விதமாகச் சொன்னால், எதைக் கேட்டதோ அதை நம்பும்.

தோட்டத்திலும் இதே கதை. வேலை ஓய்ந்த ஒரு கிராணி எங்களுக்குச் சொன்னார். வெட்டுக்காட்டில் மண்டோர் கையில் ஒரு சின்ன செக்ரோல் இருக்கும், ஆபீசில் பெரிய செக்ரோல் இருக்கும். யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று இரண்டிலும் ஏறும்.

“ரெண்டும் ஒத்துப்போவலன்னா என்ன செய்வீங்க ஐயா?”

அவர் சிரித்தார். “என்ன செய்றது? ஆபீஸ் புக்குதான் சரி.”

எங்கள் பெட்டியில் ஓடுவது இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை. சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்சும் தொடங்கி, 2005இல் வெளியே வந்தது. அது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டெண் போட்டு, அதை அந்தத் துண்டோடு வைக்காமல் வேறிடத்தில் எழுதி வைக்கும். படிக்கும்போது துண்டை மறுபடி கூட்டிப் பார்க்கும். கூட்டெண் பொருந்தவில்லை என்றால் அந்தப் பிரதி பொய். உடனே மற்ற டிஸ்க்கைக் கேட்டு, பொருந்தினால் பொய்யின்மேல் உண்மையை எழுதிவிடும். ஆபீஸ் புத்தகமா மண்டோர் புத்தகமா என்ற பேச்சே கிடையாது.

இது நமக்குப் புதிதில்லை என்று சொன்னால் ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடுவீர்கள். சேர்க்க வேண்டாம். ஆனால் அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல். நடுவில் ஒரு ஓலை நழுவினால் உடனே தெரிந்துவிடும். பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் கடைசிப் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது பெயரைக் கேட்டாலே தெரிகிறது. புறநானூற்றில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் இல்லை. எண் போட்ட இடம் காலியாக நிற்கிறது. தொலைந்ததை மீட்டுத்தர முடியாது. தொலைந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய காரியம்.

இதைப் பத்தாங் காலியில் உட்கார்ந்து யோசிப்பவன் வேறொரு கணக்கையும் யோசிக்காமல் இருக்க முடியாது. எங்கள் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து அதிகத் தூரமில்லை சுங்கை ரெமோக். 1948 டிசம்பர் 11ஆம் தேதி மாலை, அவசரகாலத்தின் முதல் வருடம், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ரோந்துக் குழு ஒன்று அந்த ரப்பர் தோட்டத்துக்குள் வந்தது. அன்று ஒருவரைச் சுட்டார்கள். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிய பிறகு 23 பேரைச் சுட்டார்கள். 24 பேரும் சீன ஆண்கள், கையில் ஆயுதம் இல்லாதவர்கள். குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். ஆபீஸ் புத்தகத்தில் எழுதியது: தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள். லாரியில் ஏறிய பெண்களிடமும், உயிர் பிழைத்த ஒரே ஆணிடமும் இருந்தது மற்ற பிரதி.

இருபது வருடத்துக்கு மேல் ஆபீஸ் புத்தகம்தான் சரி. 1970 பிப்ரவரி 1ஆம் தேதி லண்டனின் ‘தி பீப்பிள்’ பத்திரிகை, சுட்டவர்களிலேயே சிலர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்களை வெளியிட்டது. ஓடியவர்களைச் சுடவில்லை, நிறுத்திச் சுட்டோம் என்றார்கள். கூட்டெண் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. லண்டன் போலீஸ் விசாரணை தொடங்கியது. அந்த ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது, அதையடுத்து விசாரணையும் நிறுத்தப்பட்டது. ஆனால் எழுதி வாங்கிய தாள்கள் இருந்தன. இறந்தவர்களின் குடும்பங்கள் பிற்காலத்தில் அந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டுதான் லண்டன் நீதிமன்றப் படி ஏறின. 2015 நவம்பர் 25இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் புது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. தீர்ப்பு கிடைக்கவில்லை, ஆனால் நீதிமன்றத்தின் ஏட்டில் இப்போது இரண்டு பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

கண்ணாடி ஏற்பாடு காப்பாற்றாத ஒன்று உண்டு. ‘அழி’ என்று உத்தரவு வந்தால் இரண்டு டிஸ்க்கும் விசுவாசமாக, ஒரே நொடியில் அழிக்கும். 1957இல் சுதந்திரத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார் கோலாலம்பூரிலிருந்து கோப்புகளை லாரியில் ஏற்றி, சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் உலையில் எரித்தார்கள். எரிக்காமல் எடுத்துப்போன பல காலனிகளின் கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் மறைந்திருந்தது 2011இல்தான் வெளியே வந்தது. எரித்த தாளில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி எரித்தவர் மட்டும்தான்.

பெட்டிக்கு வருகிறேன்.

புதிய டிஸ்க்கில் பழையவற்றை நிரப்பும் வேலைக்கு ரீசில்வர் என்று பெயர். வெள்ளி மறுபடி பூசுவது. நம் பாட்டிமார் நிலைக்கண்ணாடியில் கறுப்புத் திட்டு விழுந்தால் ‘ரசம் போயிருச்சு’ என்பார்கள். அக்காலக் கண்ணாடியின் முதுகில் பூசியது பாதரசமும் வெள்ளீயமும். 1835இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலார் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளி வந்த பிறகும் நாம் ரசம் என்றுதான் சொல்கிறோம். அன்று இரவு எங்கள் பெட்டி ரசம் பூசிக்கொண்டிருந்தது. 2.6 டெராபைட்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை இங்கே ஒரு முகாமின்மேல் மலை சரிந்து 31 பேர் போனதிலிருந்து, இரவில் மழை பெய்தால் இந்த ஊரில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், பெட்டி ஒரே அறையில், அறை ஒரே மலையடிவாரத்தில் இருந்தால், அது எத்தனை பிரதி? கிள்ளானில் உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு மூன்றாவது பிரதி வைத்திருந்தோம். அதைக் கடைசியாகப் புதுப்பித்து 14 மாதம் ஆகியிருந்தது. அதே 14 மாதமாக ஸ்கிரப்பும் ஓட்டவில்லை. ஸ்கிரப் என்றால் பாத்திரம் தேய்ப்பதுபோல, டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் படித்துக் கூட்டெண் சரிபார்ப்பது. யாரும் திறக்காத கோப்பு எப்போது கெட்டது என்பது யாருக்கும் தெரியாது. திறக்கும் நாளில்தான் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்கு முடிந்தது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். தம்பி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். திரையில் ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. மீட்க முடியாத பிழை 1, அதன் கீழே ஒரு கோப்பின் பெயர்.

நல்ல டிஸ்க்கின் ஒரு துண்டு சத்தமில்லாமல் எப்போதோ கெட்டிருக்கிறது. அதே துண்டு பழுதான டிஸ்க்கிலும் படிக்க முடியாத இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்று வாரம் முன்னால் மாற்றியிருந்தால் ஒருவேளை அங்கே அது இருந்திருக்கும்.

“எவ்வளவு போச்சு?” என்று எழுப்பிக் கேட்டேன்.

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு கணக்குப் போட்டான். ஒரு துண்டு 128 கிலோபைட். எங்கள் ஒலிப்பதிவு நொடிக்கு 16 கிலோபைட். “எட்டு செகண்டுண்ணே. எட்டே எட்டு செகண்டு.”

அந்தக் கோப்பு எது என்று பெயரிலேயே தெரிந்துவிட்டது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, கடைசியில் தாமானில் மகள் வீட்டில் இருந்த ஒரு பாட்டி. நாங்கள் பதிவு செய்த அடுத்த ஆண்டு இறந்துபோனார். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடக் கூட்டிப்போனார்கள். 1942, 1943இல் 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் எத்தனை பேர், அங்கே விழுந்தவர் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களைப் பெயர் பெயராக எழுதிய ஆபீஸ் புத்தகம் இல்லை. பாட்டியின் அம்மா அந்தப் பிரிவைத் தாலாட்டாகக் கட்டிப் பாடியிருக்கிறார். பாட்டி அதை எங்களுக்குப் பாடிக்காட்டினார். நடுவில், பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து அப்பாவோடு சேர்த்துக் கூப்பிட்ட பெயர்கள் வரும்.

பழுதான துண்டை விட்டுவிட்டு மீதியை எடுத்துக் கேட்டோம். பதினோராவது நிமிடத்தில் குரல் அறுந்து, எட்டு நொடி ஒன்றுமில்லை, பிறகு குழந்தையைத் தூங்கச் சொல்கிறார். பெயர்கள் அந்த எட்டு நொடியில் இருந்தன. முதல் பெயர் பாதியில் நிற்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மகள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். “அதுக்கென்ன தம்பி, எனக்குத் தெரியுமே” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நாலு பெயர். கைபேசியில் பதிந்துகொண்டேன், அங்கேயே உட்கார்ந்து மூன்று இடத்துக்கு அனுப்பினேன்.

சின்ன மகள் ராசாவில் இருக்கிறார். அவரிடமும் கேட்டுவிடுங்கள் என்று அக்காதான் சொன்னார். தங்கை தே தாரிக் கலக்கிக்கொண்டே பாடினார். மூன்று பெயர்கள் ஒன்றுதான். மூன்றாவது பெயர் வேறு. அக்கா சொன்ன பெயரைச் சொல்லிக் காட்டினேன்.

“அக்காவுக்கு மறந்துபோச்சு. அவரு வேற ஆளு, எங்க தோட்டமே இல்ல. அம்மா பாடுனது இதுதான்.”

அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். இரண்டு பேரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். நான் குறுக்கே பேசவில்லை, கைபேசியை மேசைமேல் வைத்துப் பதிவை மட்டும் ஓடவிட்டேன்.